பாதி ஏரியில் நிற்கிற படகு

சித்தப்பா படகு வாங்கிய செய்தி வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, ஒரு படகு வாங்கிட்டேன்" என்றார் சித்தப்பா. ஏதோ குடை வாங்கியதைச் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார்.

"விளையாட்டுப் படகா?"

"நிஜப் படகு அண்ணி. மோட்டார் வச்சது. பழசுதான், ஆனா உடம்பு கெட்டியா இருக்கு."

"உங்களுக்குப் படகைப் பத்தி என்ன தெரியும் தம்பி?"

சித்தப்பா கொஞ்சம் யோசித்தார். "அது தண்ணியில போகும்" என்றார்.

மேசைக்கு அடியில் உட்கார்ந்து, உருண்டு விழும் பட்டாணிகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தாள் மிளகு. இதைக் கேட்டதும் சட்டென்று எழுந்ததில் தலை மேசையில் இடித்தது. வலியைக்கூடக் கவனிக்காமல், "நம்ம ஏரியிலயா? அந்தக் கரைக்குப் போகுமா?" என்று கேட்டாள்.

மிளகு என்பது சித்தப்பா வைத்த பெயர். ஆள் சிறிசு, கேள்வி மட்டும் காரம் என்பதால் அப்படி வைத்தார். வீட்டில் யாராவது நிஜப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மிளகு பேசாமல் இருந்துவிடுவாள்.

"போகும் போகும். அந்தக் கரைக்குத்தான் முதல்ல போகப்போறோம். உன் ரெட்டைவாலைப் பாக்க வேணாமா?" என்றார் சித்தப்பா.

அன்று முழுக்க மிளகுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

ரெட்டைவால் அவளுடைய உயிர்த்தோழி. இரண்டு பின்னல், இரண்டு மடங்கு சேட்டை. போன வருடம்வரை அடுத்த வீட்டில்தான் இருந்தாள். அவளுடைய அம்மாவுக்கு ஏரியின் அக்கரையில் செடி வளர்க்கும் பண்ணையில் வேலை கிடைத்ததும் குடும்பமே அங்கே போய்விட்டது. கண்ணுக்கு எதிரே தெரிகிற கரைதான். ஆனால் பேருந்தில் போனால் ஏரியை முழுக்கச் சுற்றி, குன்று ஏறி இறங்கி, போய்ச் சேர்வதற்குள் திரும்பும் நேரம் வந்துவிடும். கூட்டிப்போகப் பெரியவர்கள் யாருக்கும் நேரம் இல்லை. அப்பா ரயில் ஓட்டுபவர், பாதி நாள் ரயிலிலேயே இருப்பார். அவரிடம் படகைப் பற்றிச் சொன்னபோது, "தண்டவாளம் இல்லாத எதையும் நான் நம்பறதில்ல" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்.

சித்தப்பா மருந்துக்கடை வைத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர்களுக்கு மூடி என்றால் உயிர். திறந்த புட்டியைக் கண்டால் சித்தப்பாவுக்குக் கை பரபரக்கும். வீட்டுக்கு வந்தால்கூட சர்க்கரை டப்பா, ஊறுகாய் ஜாடி, பற்பசை என்று எல்லாவற்றையும் அழுத்தி மூடிவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார். பிறகு அம்மா அவற்றைத் திறக்க முடியாமல் துணியைச் சுற்றித் திருகிக்கொண்டிருப்பார்.

படகை விற்றவர் நல்ல மனிதர். வேறு ஊருக்குக் குடிபோகும் முன் சில நாள் கூடவே வந்து, சித்தப்பாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் இருந்தவரை என்ஜின் முரண்டு பிடிக்கவே இல்லை. அவர் கிளம்பிய பிறகுதான் கூத்து ஆரம்பித்தது.

முதல் கூத்து, தக்கை.

படகின் பின்பக்கம், அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. கரையில் ஏற்றிக் கழுவும்போது அழுக்குத் தண்ணீர் வடிவதற்காக அதன் தக்கையைக் கழற்றுவார்கள். தண்ணீரில் இறக்கும் முன் மறக்காமல் மாட்ட வேண்டும். சித்தப்பா படகைப் பளபளவென்று கழுவினார், துடைத்தார். மிளகுக்கும் தனக்கும் மிதவைச் சட்டை மாட்டினார். படகையும் தண்ணீரில் இறக்கினார். தக்கை மட்டும் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது.

"சித்தப்பா, படகுக்குள்ள தண்ணி இருக்கிறது சரிதானா?" என்று கேட்டாள் மிளகு.

"கழுவின தண்ணியா இருக்கும்."

"அது ஏறிக்கிட்டே வருதே."

சித்தப்பா குனிந்து பார்ப்பதற்குள் அவருடைய செருப்பு மிதக்க ஆரம்பித்துவிட்டது. நல்லவேளை, கரையை விட்டு நகரவில்லை. படகுத்துறையில் இருந்த அத்தனை பேரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "மருந்துக்கடைக்காரரே, புட்டிக்கு மூடி போடலையா?" என்று கேட்டார் படகுத்துறைக் காவலாளி. அதற்குச் சிரிப்பு இன்னும் கூடியது.

சித்தப்பாவுக்கு முகம் சுருங்கிப்போனது. வேறு எதில் கோட்டை விட்டிருந்தாலும் தாங்கியிருப்பார். மூடி விஷயத்தில் ஒருவர் தன்னைக் கேலி செய்வதை அவரால் தாங்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கிளம்பும் முன் படகில் மூடக்கூடிய எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு இறுக்குவார். தக்கை, சாமான் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, பெட்ரோல் டேங்க். ஒவ்வொன்றையும் தொட்டு, "மூடியாச்சு, மூடியாச்சு" என்று சத்தமாகச் சொல்வார், காவலாளிக்குக் கேட்கும்படி.

இரண்டாவது கூத்து அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது.

ரெட்டைவாலுக்கு முன்பே தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. "நான் துறையில மஞ்சத் துண்டைக் கட்டிவைக்கிறேன். அதைப் பாத்து வா" என்றாள் அவள். இக்கரையிலிருந்து பார்த்தபோதே அந்த மஞ்சள் ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

படகில் மிளகுக்கு ஒரு முக்கியமான வேலை இருந்தது. பெட்ரோல் டேங்க் படகின் தரையில் இருக்கும், என்ஜின் பின்பக்கம் தொங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கறுப்புக் குழாய். அந்தக் குழாயின் நடுவில் ஒரு ரப்பர் பந்து. என்ஜினைக் கிளப்பும் முன் அந்தப் பந்தை அமுக்கி அமுக்கி விட வேண்டும். பெட்ரோல் நிரம்பிப் பந்து கெட்டியானதும் மிளகு, "ரெடி" என்பாள். சித்தப்பா கயிற்றைச் சுண்டி இழுப்பார்.

என்ஜின் கிளம்பியது. அதன் பக்கவாட்டிலிருந்து மெல்லிய நூல்போலத் தண்ணீர் பீய்ச்சியது.

"சித்தப்பா, என்ஜின் ஒண்ணுக்குப் போகுது."

"அது போகணும். ஏரித் தண்ணி உள்ள போய், என்ஜினோட சூட்டை ஆத்திட்டு வெளிய வருது. அது நின்னுபோனாத்தான் நாம பயப்படணும்."

மிளகு அந்த நூலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காற்று முகத்தில் மோதியது. மஞ்சள் புள்ளி மெல்லப் பெரிதானது. ஏரியின் நடுவில் மொட்டையாக ஒரு பாறை நிற்கும். அதன் அருகில் போனதும் என்ஜின் இருமியது. டுக் என்றது, டுடுக் என்றது, அப்படியே நின்றுவிட்டது.

திடீரென்று ஏரி அமைதியானது. படகைத் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"பெட்ரோல் தீந்துபோச்சோ" என்று சித்தப்பா டேங்கின் மூடியைத் திருகினார். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தார். பெட்ரோல் நிறைய இருந்தது. திரும்ப இறுக்கி மூடினார்.

"அப்ப சூடாயிருக்கும். ஆறட்டும்."

"ஆனா தண்ணி கடைசிவரைக்கும் ஒழுங்காத்தானே வந்துச்சு?" என்றாள் மிளகு.

கொஞ்ச நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தார். என்ஜின் ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்பியது. ஆனால் சித்தப்பாவுக்குத் தைரியம் போய்விட்டது. "இன்னிக்கு வேணாம்டா மிளகு. திரும்பிடலாம்." திரும்பும் வழியில் கரைக்குக் கொஞ்ச தூரத்தில் என்ஜின் மறுபடியும் நின்றது. மிச்ச தூரத்தைத் துடுப்பு போட்டே கடந்தார்கள்.

மிளகு திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் துண்டு ரொம்ப நேரம் அசையாமல் இருந்தது. அப்புறம் யாரோ அதை அவிழ்த்தார்கள்.

அடுத்த வாரமும் இதே கதைதான். அதே மொட்டைப் பாறை, அதே இருமல், அதே துடுப்பு. இந்த முறை என்ஜின் நின்ற உடனே மிளகு ரப்பர் பந்தைத் தொட்டுப் பார்த்தாள். அது சப்பையாக, உள்வாங்கிப்போய் இருந்தது. சித்தப்பா டேங்கைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். மறுபடி தொட்டபோது பந்து நன்றாக உப்பியிருந்தது.

"சித்தப்பா, இந்தப் பந்து ஏன் சப்பையாச்சு?"

"பழைய ரப்பர், அப்படித்தான் இருக்கும்."

"அப்புறம் ஏன் சரியாச்சு?"

"அம்மா தாயே, இப்ப நான் கேள்விக்குப் பதில் சொல்லட்டுமா, கயித்தை இழுக்கட்டுமா?"

கரையில் காவலாளி காத்திருந்தார். "துடுப்புக் கேப்டன் வந்துட்டாரு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்தப் பாறைக்கிட்ட ஏதோ இருக்குங்க. எனக்குத் தெரிஞ்சு அங்க ஒரு மீன்கூடத் தங்காது" என்றார். சித்தப்பா சிரித்தார். ஆனால் பாறையை ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

என்ஜினைக் கழற்றி மெக்கானிக் அக்காவிடம் கொண்டுபோனார்கள். எண்ணெய்க் கறை படிந்த தொப்பியும் உரத்த குரலும் கொண்டவர் அவர். பட்டறையில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் என்ஜினை நிறுத்தி, தன்னுடைய டேங்கை மாட்டினார். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்டினார். வடிகட்டியை மாற்றிக் கிளப்பினார். என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவர் டீ குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்த பிறகும் நிற்கவில்லை.

"இதுமேல ஒரு குத்தமும் இல்லயே. உங்க டேங்க் எங்க?" என்று கேட்டார்.

"அது படகுலயே இருக்கு. அதுல என்ன பாக்கறதுக்கு இருக்கு? வெறும் டப்பா" என்றார் சித்தப்பா.

"அந்த டப்பாவையும் கொண்டு வாங்க. ஆனா நான் நாளைக்கு ஊருக்குப் போறேன். வர ஒரு வாரம் ஆகும்."

அந்த ஒரு வாரத்துக்குள் சித்தப்பா மனம் மாறிவிட்டார். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தவர் எந்த டப்பாவையும் மூடாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அதைப் பார்த்ததுமே விஷயம் பெரிது என்று அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"படகைக் கொடுத்துடலாம்னு இருக்கேன் அண்ணி. ஏரிக்கரை ஓட்டல்காரர் கேக்கறாரு. திங்கக்கிழமை வந்து எடுத்துக்கறாராம்."

"ஓட்டல்காரருக்கு எதுக்குப் படகு?"

"வாசல்ல வச்சு, மணல் கொட்டி, குழந்தைங்க விளையாட விடுவாராம்."

அந்தப் படகு மணலில் நின்றுவிட்டால், ரெட்டைவால் அக்கரையிலேயே இருந்துவிடுவாள். ஆனால் சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மிளகுக்கு அழத் தோன்றவில்லை. அவர் தன்னைவிட அதிகமாகத் தோற்றுப்போனவர்போல உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. இன்னும் ஒரே ஒரு தடவை போகலாமா சித்தப்பா? பாறைவரைக்கும் போனாக்கூடப் போதும்" என்றாள்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா பெருமூச்சு விட்டார். "மிதவைச் சட்டை போட்டுக்கணும். ரெண்டு துடுப்பும் இருக்கணும். அலை அடிச்சா கிளம்பவே கூடாது" என்றார். அம்மா நிபந்தனை போட ஆரம்பித்துவிட்டால் சம்மதித்துவிட்டார் என்று அர்த்தம்.

அன்று மாலை மிளகு மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தாள். தையல்கடைக்காரர் ஒருவர் ரத்த அழுத்தம் பார்க்க வந்தார். சித்தப்பா அவர் கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் பந்தை அமுக்கினார். அமுக்க அமுக்கப் பட்டை உப்பியது. பிறகு பந்தின் கழுத்தில் இருந்த சின்னத் திருகைத் தளர்த்தினார். உஸ்ஸ் என்று காற்று வெளியேறியது.

மிளகு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த உஸ்ஸை வேறு எங்கோ கேட்டிருக்கிறோமே.

தையல்கடைக்காரர் போனதும் அந்தப் பந்தைக் கையில் எடுத்தாள். அமுக்கினாள், விட்டாள். பொசுக்கென்று உப்பியது. பந்தின் பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. விரலால் அதை அடைத்துக்கொண்டு அமுக்கி விட்டாள். பந்து உப்பவில்லை. சப்பையாகவே கிடந்தது. விரலை எடுத்ததும் பொசுக்கென்று உப்பியது.

"சித்தப்பா, இந்த ஓட்டை எதுக்கு?"

"காத்து உள்ள போக. உள்ள காத்து போனாத்தானே பந்து திரும்ப உப்பும்? அதைக் கெடுத்துடாதே, இங்க கொடு."

மிளகு திரும்பத் திரும்ப விரலை வைத்து எடுத்தாள். சப்பை, பொசுக். சப்பை, பொசுக். மனதுக்குள் ஏதோ ஒன்று பிடிபடுவதுபோல வந்து நழுவிக்கொண்டே இருந்தது. இரவு சாப்பிடும்போதும் அவள் கன்னத்தை உப்பி உப்பிச் சப்பையாக்கிக்கொண்டிருந்தாள். "வாயை வச்சு விளையாடாம சாப்பிடு" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஏரி கண்ணாடிபோலக் கிடந்தது. அக்கரையில் மஞ்சள் புள்ளி. படகை விற்கப்போகிற விஷயம் ரெட்டைவாலுக்குத் தெரியாது. மிளகுக்குச் சொல்ல மனம் வரவில்லை.

சித்தப்பா தன் வழக்கத்தை ஆரம்பித்தார். "தக்கை, மூடியாச்சு. பெட்டி, மூடியாச்சு. தண்ணிப் புட்டி, மூடியாச்சு. டேங்க், மூடியாச்சு." டேங்கின் மூடியை இறுக்கிய பிறகு, அந்த மூடியின் தலைமேல் இருந்த சின்னத் திருகு ஒன்றையும் விரல் நுனியால் இறுக்கினார். மிளகு இதுவரை அதைக் கவனித்ததே இல்லை. அவள் எப்போதும் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"சித்தப்பா, அது என்ன..."

"கேப்டன், துடுப்பை எடுத்துக்கிட்டீங்களா?" என்று காவலாளி கரையிலிருந்து குரல் கொடுத்தார். சித்தப்பா வீம்பாகக் கயிற்றை இழுத்தார். என்ஜின் போட்ட சத்தத்தில் மிளகின் கேள்வி அமுங்கிப்போனது.

படகு போனது. மிளகு ஒரு கையைப் பந்தின்மேல் வைத்துக்கொண்டாள். முதலில் கெட்டியாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் லேசாகத் தளர்ந்தது. பாறை நெருங்க நெருங்கப் பந்து அவள் கைக்கு அடியில் ஒடுங்கிக்கொண்டே வந்தது. யாரோ மறுபக்கத்திலிருந்து உறிஞ்சுவதுபோல இருந்தது.

டுக். டுடுக். என்ஜின் நின்றது.

சித்தப்பா பாறையைப் பார்த்தார், கரையைப் பார்த்தார். பிறகு வழக்கம்போல டேங்கைத் திறக்கக் குனிந்தார்.

"சித்தப்பா, மூடியைத் தொடாதீங்க."

"பெட்ரோல் இருக்கான்னு..."

"இருக்கு. போன தடவையும் இருந்துச்சு. அதுக்கு முன்னாடியும் இருந்துச்சு. ஒவ்வொரு தடவையும் நீங்க திறந்து பாத்த அப்புறம்தான் என்ஜின் கிளம்புது. ஆறினதால இல்ல. திறந்ததால."

சித்தப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

"நேத்து கடையில அந்தப் பந்தோட ஓட்டையை விரலால அடைச்சேன். அது உப்பவே இல்ல. காத்து உள்ள வரலேன்னா உப்பாதுன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப இங்க தொட்டுப் பாருங்க. இதுவும் அப்படியே சப்பையா இருக்கு." மிளகு மூச்சு வாங்கப் பேசினாள். "என்ஜின் பெட்ரோலை உறிஞ்சிக்கிட்டே இருக்கு. பெட்ரோல் வெளிய போன இடத்துக்குக் காத்து உள்ள வரணும்ல? அது எந்த வழியா வரும்?"

சித்தப்பா டேங்கைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மூடியின் தலைமேல் இருந்த சின்னத் திருகைப் பார்த்தார்.

"அந்தத் திருகை மட்டும் தளர்த்துங்க. மூடியைத் திறக்க வேணாம். என் கை பந்துமேலயே இருக்கட்டும்" என்றாள் மிளகு.

சித்தப்பா இரண்டு விரலால் திருகினார்.

உஸ்ஸ்ஸ்.

அவள் கைக்கு அடியில் பந்து மெல்ல உப்பியது. தூங்கி எழுந்து நெளிகிற குட்டி நாய்போல இருந்தது.

சித்தப்பா அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். "இதை ஒவ்வொரு தடவையும் நான்தான் இறுக்கினேன். வித்தவர் ஓட்டும்போது இது தளர்ந்தே இருந்துச்சு. கெட்டுப்போன திருகு, சரியா மூட மாட்டேங்குதுன்னு நினைச்சேன். அன்னிக்கு நாலு பேர் சிரிச்சாங்களேன்னு கண்ணுல பட்டதை எல்லாம் மூடித் தள்ளிட்டேன்" என்றார்.

அவர் குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 'நான் அப்பவே பந்தைப் பத்திக் கேட்டேனே' என்று மிளகின் நாக்கு நுனிவரை வந்தது. அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

"கரையில சும்மா நிக்கும்போது மூடித்தான் வைக்கணும் சித்தப்பா. இல்லேன்னா பெட்ரோல் வாசம் வெளிய வந்துடும்ல. ஓடும்போது மட்டும் திறந்தாப் போதும். நீங்க பாதி சரியாத்தான் செஞ்சிருக்கீங்க."

சித்தப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார். தக்கை விவகாரத்துக்கு அப்புறம் படகில் அவர் மனசு விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"பாதி சரியா இருந்ததாலதான் பாதி ஏரிவரைக்கும் வந்தோம் போல" என்றார்.

மிளகு பந்தை அமுக்கினாள். "ரெடி." கயிறு இழுபட்டது. என்ஜின் கிளம்பியது.

இனிமேல்தான் நிஜமான சோதனை. ஒவ்வொரு முறையும் ஒரு தரம் கிளம்பி, இன்னொரு தரம் நின்றிருக்கிறது. அக்கரை இன்னும் தூரத்தில் இருந்தது. மிளகு பந்தைவிட்டுக் கையை எடுக்கவே இல்லை. கெட்டியாக இருக்கிறதா? இருக்கிறது. இப்போது? இருக்கிறது. மொட்டைப் பாறை பின்னால் போனது. அதன்மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. காவலாளி சொன்னது சுத்தப் புருடா.

அப்போதுதான் மிளகு கரையை நன்றாகப் பார்த்தாள். ரெட்டைவால் துண்டை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். படகு பாறைக்கு அருகில் நின்றதைப் பார்த்துவிட்டு, இன்றைக்கும் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைத் தொங்கப் போட்டபடி திரும்பி நடந்தாள். இரண்டு பின்னலும் முதுகில் ஆடின.

மிளகு கத்தினாள். என்ஜின் சத்தத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. ஆனால் அந்த என்ஜின் சத்தமே நிற்காமல் நெருங்கி நெருங்கி வந்தது. ரெட்டைவாலின் நடை மெதுவானது. நின்றாள். திரும்பினாள்.

அடுத்த நொடி துறைப் பலகைகள் தடதடவென்று அதிர, துண்டைத் தலைக்குமேல் சுழற்றிக்கொண்டு ஓடிவந்தாள்.

படகு கரையைத் தொட்டபோதும் பந்து கெட்டியாகவே இருந்தது. மிளகு அப்போதுதான் கையை எடுத்தாள். உள்ளங்கை முழுக்க ரப்பர் வாசம்.

இருவரும் கட்டிக்கொண்டார்கள். மிதவைச் சட்டை நடுவில் தடுத்தாலும் விடவில்லை. "எத்தனை வாரமா பாதியிலயே திரும்பிப் போறே? எனக்கு எவ்வளவு கோவம் தெரியுமா?" என்று ரெட்டைவால் சிரித்துக்கொண்டே அழுதாள்.

"எங்க டேங்குக்கு மூச்சு முட்டிச்சு. அதுதான்னு இத்தனை நாளா தெரியல. இப்ப சரியாயிடுச்சு" என்றாள் மிளகு. யார் முட்டவைத்தது என்று சொல்லவில்லை.

"நான்தான் முட்டவச்சேன்" என்றார் சித்தப்பா. ஒளிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. டேங்கின் திருகை ஒழுங்காக மூடிவிட்டு, தொலைபேசியை எடுத்து ஓட்டல்காரரைக் கூப்பிட்டார். "மன்னிச்சுக்கங்க, படகை விக்கறதா இல்ல. மணலுக்கு வேற ஏதாவது பாருங்க."

பண்ணையில் இருந்து ரெட்டைவாலின் அம்மா வந்தார். வெயில் ஏறுவதற்குள் துறையை ஒட்டி ஒரு சுற்று சுற்றிவர அனுமதி கொடுத்தார். ரெட்டைவாலுக்கும் ஒரு மிதவைச் சட்டை கிடைத்தது. படகில் ஏறியதும், பழைய பழக்கம் போகாமல் அவள் கண்ணில் பட்டதை எல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

"தக்கை, மூடியாச்சு. பெட்டி, மூடியாச்சு" என்று ஆரம்பித்த சித்தப்பா, டேங்கின் அருகில் வந்ததும் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மிளகைப் பார்த்தார்.

"இந்தச் சின்னத் திருகு எதுக்கு?" என்று கேட்டாள் ரெட்டைவால்.

மிளகு தோழியின் விரலைப் பிடித்து அந்தத் திருகின்மேல் வைத்தாள்.

"திற, சொல்றேன்."